உடலின் உரிமை யாருக்கு?
மருத்துவ ஆராய்ச்சிக்குச் சென்ற திசுக்களும் நீதிமன்ற வழக்குகளும்

மனிதனுக்குச் சொந்தமானவை எவை என்று கேட்டால் நிலம், வீடு, ஆடு மாடு, நகை, பணம் என்று அடுக்கிச் சொல்வோம். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஏழைகூட, ‘என் உடம்பாவது எனக்குச் சொந்தம்’ என்று எண்ணி ஆறுதல் கொள்வான். அந்த ஆறுதலுக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு? மருத்துவமனையில் நம் உடலிலிருந்து எடுக்கப்பெறும் குருதியும் தசைத் துணுக்கும் எடுத்தபின் யாருக்கு உரியவை? அவற்றைக் கொண்டு ஒருவர் பெரும் பொருள் ஈட்டினால் அதில் நமக்குப் பங்குண்டா? இவ்வினாக்கள் சென்ற எழுபது ஆண்டுகளில் அமெரிக்க நாட்டின் ஆய்வுக்கூடங்களிலும் நீதிமன்றங்களிலும் எழுந்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?’ என்று இளைஞர் சிலர் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் பேரறிஞரான டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கும் விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அவர்கள் நிலையையும் நம் நிலையையும் ஒப்புநோக்கிக் கற்க வேண்டும் என்பது அண்ணல் காட்டிய வழியே ஆகும். அவ்வழியில் நின்று இவ்வரலாற்றைப் பயில்வோம்.

ஹென்ரியெட்டா என்னும் தாய்

வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஹென்ரியெட்டா பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்து, குளோவர் என்னும் சிற்றூரில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். அவ்வீடு ஒரு காலத்தில் அடிமைகள் குடியிருந்த மரக்குடில். அடிமைகளாக முன்னோர் பாடுபட்ட புகையிலை நிலத்தில் இவரும் சிறு வயது முதல் உழைத்தார். தொடக்கக் கல்விக்கு மேல் அவருக்குப் பள்ளி வாய்ப்பு அதிகம் கிட்டவில்லை. 1941இல் டேவிட் லாக்ஸ் என்பவரை மணந்தார். பின்னர் கணவருக்கு இரும்பாலையில் வேலை கிடைக்கவே, குடும்பம் பால்டிமோர் நகரத்தை அடுத்த டர்னர் ஸ்டேஷன் என்ற இடத்தில் குடியேறியது. ஐந்து மக்களுக்குத் தாயானார்.

1951ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில், வயிற்றுக்குள் ஏதோ முடிச்சுப் போல் உறுத்துகிறது என்று கூறி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். நிறம் பாராமல் ஏழைகளுக்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்று ஒரு வணிகர் எழுதி வைத்த செல்வத்தால் 1889இல் திறக்கப்பெற்ற மருத்துவமனை அது. ஆயினும் அக்காலத்தில் அங்கும் கறுப்பின நோயாளருக்குத் தனி வார்டு இருந்தது. சோதித்த மருத்துவர் கருப்பை வாயில் புற்றுநோய் இருப்பதைக் கண்டார். அன்றைய மருத்துவமுறைப்படி ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்யப்பெற்றது. அவ்வாறு செய்யும் முன், கட்டியிலிருந்து ஒரு துணுக்கும், அதன் அருகிலிருந்த நல்ல சதையிலிருந்து ஒரு துணுக்கும் வெட்டி எடுக்கப்பெற்றன. எடுப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. எடுக்கலாமா என்று கேட்கவும் இல்லை. சிகிச்சைக்குச் சம்மதம் என்ற பொதுவான படிவத்தில் மட்டுமே அவர் கையெழுத்திட்டிருந்தார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்நாளில் நோயாளியிடம் கேளாமல் திசு எடுப்பது வழக்கமாகவே இருந்தது. கேட்டே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஆனால் இலவச மருத்துவத்துக்காக அம்மருத்துவமனையை நாடி வந்தவர்களுள் மிகப் பலர் ஏழைகள், அவர்களிலும் பலர் கறுப்பினத்தார். ஆகவே வழக்கத்தின் சுமை யார் தலையில் மிகுதியாக இறங்கியது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், முப்பத்தோராம் வயதில் ஹென்ரியெட்டா மறைந்தார். குளோவரில் பெயர் பொறித்த கல் ஏதும் இன்றி அடக்கம் செய்யப்பெற்றார். அக்கல்லறைக்குப் பெயர்க்கல் நாட்டப்பெற்றது 2010ஆம் ஆண்டில்தான்.

சாகாத உயிரணுக்கள்

அவர் உடலிலிருந்து எடுத்த துணுக்குகள் அம்மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் கை என்பவரிடம் சென்றன. மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில் வளர்க்க அவர் பல்லாண்டுகள் முயன்று வந்தார். ஒவ்வொரு முறையும் அவை சில நாட்களில் மடிந்தன. ஹென்ரியெட்டாவின் நல்ல சதை அணுக்களும் அவ்வாறே மடிந்தன. ஆனால் கட்டியின் அணுக்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை இருமடங்காகப் பெருகிக்கொண்டே சென்றன. உடலுக்கு வெளியே இடையறாது வாழ்ந்து பெருகிய முதல் மனித உயிரணு வரிசை அதுவே. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஹீலா’ என்று பெயரிட்டனர்.

ஜார்ஜ் கை அவற்றை விற்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். இளம்பிள்ளை வாதத்துக்கு ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பு மருந்தின் பயனைச் சோதிக்கப் பெருமளவில் உயிரணுக்கள் தேவைப்பட்டன. அதற்காக அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் கறுப்பின மக்களின் கல்வி நிலையத்தில் ஹீலா அணுக்களை உற்பத்தி செய்யும் கூடம் ஒன்று 1953இல் இயங்கத் தொடங்கியது. கறுப்பின அறிவியலாரும் பணியாளரும் உழைத்து, 1955ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 6 லட்சம் வளர்ப்புக் குழாய்களை நாடெங்கும் அனுப்பினர்.

அதே டஸ்கீகி வட்டாரத்தில், 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அரசின் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்து வந்தது. பெனிசிலின் வந்த பின்னரும் அவர்களுக்கு அது மறைக்கப்பட்டது. கறுப்பினத்தாரின் அறிவுழைப்பு ஒரு கூடத்தில் உலகக் குழந்தைகளைக் காக்க உதவிற்று. அவர்தம் உடல்களோ அதே ஊரில் கேட்பாரற்ற ஆய்வுப் பொருளாயின.

ஹீலா அணுக்கள் விண்வெளிக்கு அனுப்பப்பெற்றன. கதிர்வீச்சின் தன்மையை அறிய உதவின. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றை ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தபோது, அக்கிருமி ஹீலா அணுக்களிலும் இருப்பது 1984இல் புலனாயிற்று. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அப்புற்றைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அத்தாயைக் கொன்ற நோயே அவருடைய அணுக்களின் துணையோடு அடக்கப்பட்டு வருகிறது. நோயாளியாகத் தனி வார்டில் படுத்திருந்தவரின் உயிரணுக்கள் நிறபேதம் இன்றி எல்லா ஆய்வுக்கூடங்களுக்குள்ளும் நுழைந்தன. அவரைத் தொடத் தயங்கிய சமுதாயம் அவருடைய அணுக்களைப் பொன்போல் போற்றியது.

குடும்பத்தார் அறிந்த விதம்

இத்தனையும் நடந்தபோது கணவருக்கும் மக்களுக்கும் ஒன்றும் தெரியாது. ‘ஹெலன் லேன்’ என்ற பொய்ப்பெயரே பல ஆண்டுகள் நூல்களில் வழங்கி வந்தது. 1966இல் ஒரு சிக்கல் எழுந்தது. ஹீலா அணுக்கள் மிக வேகமாகப் பரவிப் பிற ஆய்வு அணுக்களோடு கலந்துவிட்டன என்று ஒரு மரபியல் அறிஞர் வெளிப்படுத்தினார். எது ஹீலா, எது வேறு என்று பிரித்தறிய ஹென்ரியெட்டாவின் மக்களது குருதி தேவைப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அவர்களிடம் குருதி எடுக்கப்பெற்றது. தாய்க்கு வந்த நோய் தமக்கும் உண்டா என்று பார்க்கிறார்கள் போலும் என எண்ணி அவர்கள் கை நீட்டினர். விளக்கிச் சொல்வார் இல்லை. ‘அம்மா உயிரோடு இருக்கிறாளா? அவளை ஆய்வு செய்யும்போது அவளுக்கு வலிக்குமா?’ என்று மகள் டெபோரா வருந்திய செய்தியை அவர்கள் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர்.

அணுக்களைக் குப்பியில் அடைத்து விற்கும் நிறுவனங்கள் பல தோன்றியிருந்தன. அக்குடும்பத்தினரோ மருத்துவச் செலவுக்குக் காப்பீடும் இன்றித் திண்டாடினர். ஹீலா அணுக்களால் தாங்கள் ஆதாயம் பெறவில்லை என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனம் கூறி வந்துள்ளது. ஆனால் ஆதாயம் பெற்ற பிறர் பலர் உண்டு என்பதில் ஐயமில்லை.

சட்டத்தின் பழைய நிலை

குடும்பத்தார் ஏன் உடனே வழக்குத் தொடுக்கவில்லை என்று கேட்கலாம். எதைச் சொல்லித் தொடுப்பது? ஆங்கிலேயச் சட்ட மரபில் இறந்த உடல் யாருக்கும் சொத்தன்று. சொத்து அல்லாததைத் திருடினால் திருட்டாகாது. கல்லறையிலிருந்து பிணத்தை எடுத்தவன் பிணத்தின் மீதிருந்த துணியை எடுத்தால்தான் திருடன் என்ற விந்தையான நிலை முன்பு இருந்தது. 1832ஆம் ஆண்டு பிரிட்டனில் இயற்றப்பெற்ற உடற்கூற்றுச் சட்டம், ஏழையர் விடுதிகளில் இறந்து, உரிமை கோர ஆளின்றிக் கிடக்கும் உடல்களை மருத்துவ மாணவர் அறுத்துப் பயில வழி செய்தது. செல்வரின் உடல் அப்படிப் போனதில்லை. உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்த சதையைப் பற்றியோ சட்டம் வாய் திறக்கவே இல்லை. அது கழித்தெறியும் பொருள் என்று கருதப்பட்டது.

1980ஆம் ஆண்டில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி என்ற அறிவியலார், கச்சா எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர் ஒன்றை உருவாக்கி அதற்குக் காப்புரிமை கோரினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை உண்டா என்ற வினா அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மனிதன் உருவாக்கியது உயிருள்ளதாயினும் காப்புரிமை உண்டு என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புரைத்தனர், நால்வர் மறுத்தனர். அன்று முதல் உயிரணு என்பது ஆய்வுப் பொருளாக இருந்த நிலை மாறிப் பணம் விளையும் நிலமாயிற்று.

ஜான் மூர் தொடுத்த வழக்கு

அந்நிலத்தில் முதலில் முளைத்த பெரிய வழக்கு ஜான் மூருடையது. இவர் வெள்ளையினத்தவர், அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பணியில் சர்வேயராக இருந்தவர். அரிய வகை இரத்தப் புற்றுநோய் கண்டு, 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார். உயிர் பிழைக்க மண்ணீரலை எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர் டேவிட் கோல்ட். எடுத்தனர், மூர் பிழைத்தார். அதன்பின் ஏழாண்டுகள், சியாட்டில் நகரிலிருந்து அவரை அவ்வப்போது வரவழைத்துக் குருதி, தோல், எலும்பு மச்சை முதலியவற்றை எடுத்து வந்தனர். எல்லாம் தம் நலத்துக்கே என்று அவர் நம்பினார்.

1983இல் அவரிடம் ஒரு படிவம் தரப்பட்டது. அவருடைய அணுக்களிலிருந்து உண்டாகும் பொருள்களின் உரிமை முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கு ‘வழங்குகிறேன்’, ‘வழங்கவில்லை’ என்ற இரண்டில் ஒன்றை வட்டமிட வேண்டும். மூர் ‘வழங்கவில்லை’ என்பதை வட்டமிட்டார். தவறாக வட்டமிட்டுவிட்டீர், திருத்தித் தாரும் என்று மருத்துவரிடமிருந்து மீண்டும் மீண்டும் வற்புறுத்தல் வந்தது. ஐயுற்ற மூர் படிவத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினார். அப்பொழுதுதான் உண்மை தெரிந்தது. அவருடைய மண்ணீரலிலிருந்து ‘மோ’ என்ற உயிரணு வரிசை உருவாக்கப்பட்டு, 1981இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டிருந்தது. 1984இல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு நிறுவனத்திடமிருந்து மருத்துவருக்கு 75,000 பங்குகளும், மூன்றாண்டுகளில் மருத்துவருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாகக் குறைந்தது 3 லட்சத்து 30 ஆயிரம் டாலரும் என ஒப்பந்தம் ஆகியிருந்தது.

மூர் 1984இல் வழக்குத் தொடுத்தார். என் உடைமையைக் கவர்ந்து பயன்படுத்திக்கொண்டனர் என்பது ஒரு குற்றச்சாட்டு; தம் ஆதாயத்தை மறைத்து என் சம்மதத்தைப் பெற்றனர் என்பது மற்றொன்று. கீழ் நீதிமன்றம் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் மூருக்குச் சார்பாகச் சொன்னது. இறுதியில் 1990ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது.

அத்தீர்ப்பு இரு கூறாக அமைந்தது. உடலிலிருந்து நீங்கிய அணுக்களின் மீது மூருக்குச் சொத்துரிமை இல்லை என்பது முதற் கூறு. காப்புரிமை பெற்ற அணு வரிசை ஆராய்ச்சியாளரின் உழைப்பால் ஆனது, மூரின் உடலிலிருந்த அணுவின் வேறானது என்றும், ஒவ்வொரு நோயாளிக்கும் சொத்துரிமை தந்தால் ஆராய்ச்சியே முடங்கிப்போகும் என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். மருத்துவர் தம் ஆய்வு நாட்டத்தையும் பண ஆதாயத்தையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்பது இரண்டாம் கூறு. அவ்வாறு சொல்லாதது குற்றம்; அதற்காக மூர் வழக்கை நடத்தலாம் என்றனர்.

மாறுபட்ட கருத்துரைத்த நீதிபதி ஸ்டான்லி மாஸ்க், அடிமைமுறையை நினைவுபடுத்தினார். பிறர் உடலைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தும் பழைய கொடுமையின் நிழல் இதிலும் தெரிகிறது என்பது அவர் கருத்து. மருத்துவர், பல்கலைக்கழகம், நிறுவனம் என எல்லோரும் பங்கு பெறும்போது மூலப்பொருளுக்குரியவர் ஒருவருக்கு மட்டும் பங்கில்லை என்பது நீதியா என்று வினவினார். நிலத்தைத் தந்தவனுக்கு வாரம் உண்டு, விதை தந்தவனுக்கும் உண்டு என்று அறிந்த நம் சிற்றூர் மக்களுக்கு அந்நீதிபதியின் வினா எளிதில் விளங்கும்.

இதே காலத்தில் டெட் ஸ்லாவின் என்பவர் ஒருவர் இருந்தார். குருதி உறையாத நோயுடைய அவருக்குப் பலமுறை குருதி ஏற்றியதால், அவர் குருதியில் மஞ்சள் காமாலைக் கிருமியை எதிர்க்கும் பொருள் மிகுந்திருந்தது. அவருடைய மருத்துவர் அதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னார். ஸ்லாவின் தம் குருதியை நிறுவனங்களுக்கு நல்ல விலைக்கு விற்றுப் பிழைத்தார். நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்ற அறிஞருக்கு ஆராய்ச்சிக்காக இலவசமாகவும் தந்தார். மூருக்கும் ஸ்லாவினுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: ஒருவருக்கு உண்மை சொல்லப்பட்டது, மற்றவருக்கு மறைக்கப்பட்டது.

கொடுத்தவர் கேட்டபோது

இவ்வாறு கேளாமல் எடுத்தவை ஒரு வகை. தாமே மனமுவந்து கொடுத்தவரும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. கானவன் என்னும் மூளைநோயால் குழந்தைகளை இழந்த பெற்றோர், தம் மக்களின் திசுக்களையும் பணத்தையும் தந்து ஆராய்ச்சியை வளர்த்தனர். 1993இல் நோயின் மரபணு கண்டறியப்பட்டது. 1997இல் மயாமி நகர மருத்துவமனை அதற்குக் காப்புரிமை பெற்று, சோதனைக்குக் கட்டணம் கேட்டது. பெற்றோர் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். கொடுத்த திசுவின் மீது சொத்துரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் முறையற்ற வகையில் செல்வம் சேர்த்தனர் என்ற குற்றச்சாட்டை மட்டும் 2003இல் ஏற்றது. பின்னர் இரு சாராரும் உடன்பாடு செய்துகொண்டனர்.

செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் கேட்டலோனா, 2003இல் வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தம்மிடம் திசு தந்த நோயாளிகளுக்குக் கடிதம் எழுத, ஏறத்தாழ 6,000 பேர் ‘எங்கள் திசுவை அவரிடமே அனுப்புக’ என்று கையெழுத்திட்டனர். பல்கலைக்கழகம் வழக்குத் தொடுத்தது. கொடுத்தது கொடையே, கொடை பெற்றவர் பல்கலைக்கழகத்தாரே, அவர்களே உடையவர் என்று 2006இல் தீர்ப்பாயிற்று. 2007இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கேட்டும் சட்டம் அசையவில்லை.

பள்ளத்தாக்கின் பழங்குடி

அடுத்து வருவது நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வழக்கு. அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் என்னும் சிறிய பழங்குடி வாழ்கிறது. சில நூறு பேரே உள்ள குடி. மோட்டார் செல்லும் சாலை அவ்வூருக்கு இல்லை. நடந்தோ கோவேறு கழுதை மீதோ இறங்குவதுண்டு. அவர்களிடையே நீரிழிவு நோய் மிகுந்து, கால் இழந்தோர் பலர். 1990ஆம் ஆண்டு முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் அவர்களிடம் குருதி எடுத்தனர். நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பி அவர்கள் கொடுத்தனர். ஆங்கிலம் அவர்களுள் பலருக்கு இரண்டாம் மொழி. கையெழுத்திட்ட படிவத்திலோ நோய்களின் காரணங்களை ஆய்வதாகப் பொதுவாக எழுதப்பட்டிருந்தது.

பின்னர் அக்குருதி மனநோய் பற்றியும், உறவுக்குள் மணம் செய்தல் பற்றியும், அம்மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்ற ஆய்வு முடிவு, பள்ளத்தாக்கிலேயே தம் இனம் தோன்றியது என்ற அவர்தம் தொன்மையான நம்பிக்கைக்கு மாறானது. அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

இது எப்படி வெளிவந்தது? அக்குடியில் கல்லூரிக்குச் சென்ற மிகச் சிலருள் ஒருவர் கார்லெட்டா டிலௌசி என்னும் பெண். 2003இல் அப்பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கச் சென்றார். ஆய்வுக்குப் பயன்பட்டது தம் மக்களின் குருதி என்று உணர்ந்தார். எழுந்து நின்று, ‘இதற்கு எம் மக்களின் அனுமதி பெற்றீர்களா?’ என்று வினவினார். அந்த ஒரு வினாவிலிருந்து பிறந்ததே பெரும் வழக்கு. பழங்குடி மன்றம் அப்பல்கலைக்கழகத்தார் தம் நிலத்தில் கால் வைக்கலாகாது என்று தடை விதித்தது. 2004இல் வழக்குத் தொடுக்கப்பெற்றது. இடையில் தள்ளப்பட்டும், 2008இல் மேல்முறையீட்டில் உயிர் பெற்றது. 2010 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், வேறு உதவிகள், அனைத்திற்கும் மேலாக எஞ்சிய குருதி அனைத்தையும் திருப்பித் தருதல். பல்கலைக்கழகத்தின் குளிரறையில், இறந்துபோன தம் உறவினரின் குருதியைப் பெற்றுக்கொள்ள வந்த அம்மக்கள் கண்ணீரோடு தம் பாடலைப் பாடினர்.

ஆறாயிரம் நோயாளர் தோற்ற வழக்கில் சில நூறு பழங்குடியினர் வென்றது எப்படி? உடன்பாட்டில் முடிந்ததால் நீதிமன்றம் சட்டமாக எதையும் வரையறுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் தனித்தனியே நிற்காமல் ஒரு மக்களாக நின்றனர். அவர்களிடையே படித்த ஒருவர் இருந்தார். அவர் தம் மக்களை மறவாதவராகவும் இருந்தார்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்

ஹென்ரியெட்டாவின் குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். 2013 மார்ச்சில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர் சிலர் ஹீலா அணுவின் மரபணு விவரம் முழுவதையும் வெளியிட்டனர். அது குடும்பத்தாரின் உடலைப் பற்றிய அந்தரங்கமும் ஆகும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தாரோடு உடன்பாடு கண்டது. அதன்படி அவ்விவரத்தைக் கேட்போரின் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தார் இருவர் இடம் பெற்றனர். அறுபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ‘உங்களைக் கேட்டுச் செய்கிறோம்’ என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அத்தாய் மறைந்த எழுபதாம் நினைவு நாளில், குடும்பத்தார் தெர்மோ பிஷர் என்னும் பெரிய நிறுவனத்தின் மீது பால்டிமோர் நடுவண் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ‘திருடினீர்’ என்ற பழைய குற்றச்சாட்டை விடுத்து, ‘முறையற்ற வகையில் எடுத்தது என்று அறிந்தும் இன்றுவரை விற்றுப் பொருள் சேர்க்கிறீர்’ என்று வாதிட்டனர். காலம் கடந்த வழக்கு என்று நிறுவனம் மறுத்தது. 2023 ஆகஸ்டு முதல் நாள், அதாவது ஹென்ரியெட்டாவின் 103ஆம் பிறந்த நாளன்று, உடன்பாடு அறிவிக்கப்பெற்றது. தொகை வெளியிடப்படவில்லை. சில நாட்களில் வேறொரு நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுக்கப்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில், அவர் பிறந்த ரோனோக் நகரில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் நினைவுச் சின்னம் முன்பு நின்ற சதுக்கத்தில் ஹென்ரியெட்டாவின் வெண்கலச் சிலை எழுந்தது.

சட்டமும் சற்றே நகர்ந்துள்ளது. உடலில் இயற்கையாக உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. 2017இல் திருத்தப்பெற்ற அந்நாட்டு விதிகள், திசுவால் வணிக ஆதாயம் வரக்கூடுமா, அதில் பங்குண்டா என்பதை உரிய இடங்களில் ஒப்புதல் படிவத்திலேயே சொல்ல வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆய்வுக்குத் தந்த திசு தந்தவருக்கே உரியது, சேமித்து வைப்போர் காப்பாளர் மட்டுமே என்று கூறுகின்றன. இதனை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு மருத்துவமனைக்கே போகலாகாது, குருதி கொடுக்கலாகாது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது பெரும் பிழை. குருதிக் கொடை உயிர்க்கொடை. ஆராய்ச்சி இன்றேல் மருந்தில்லை. ஹென்ரியெட்டாவின் அணுக்கள் உலகுக்குச் செய்த நன்மையை அவர் குடும்பத்தாரே பெருமையோடு பேசுகின்றனர். கொடுத்தது குறித்து அவர்கள் வருந்தவில்லை. கேளாமல் எடுத்தது குறித்தே வருந்தினர்.

கேட்டல் என்பது மரியாதை. நம்மை ஆளாக மதிப்பவன் கேட்பான்; பொருளாக மதிப்பவன் எடுத்துக்கொள்வான். தலைமுறை தலைமுறையாகக் கேளாமல் எடுக்கப்பட்ட உழைப்பையும், படிக்காமல் வைத்த கைநாட்டால் பறிபோன நிலத்தையும் அறிந்த சமுதாயம் நம்முடையது. ஆதலின் இவ்வேறுபாடு நமக்கு யாரும் விளக்கத் தேவையின்றிப் புரியும்.

எனவே, இளைஞர்களே, மூன்று செயல்களை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். மருத்துவமனையிலோ ஆய்வு முகாமிலோ கையெழுத்துக் கேட்டால், படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள், வேண்டாமென்றால் சிகிச்சை நிற்குமா என்று அஞ்சாமல் வினவுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் படி ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். மூருக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்தது ஒரு படிவமே.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊர்தோறும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டு வந்திருக்கிறது. பட்டமும் பதவியும் அதன் பயன்களே. ஆயினும் பயன் அவற்றோடு முடிவதில்லை. ஹவாசுபாய்ப் பெண்ணைப் போல், பெரிய அவையில் எழுந்து நின்று, ‘எம் மக்களைக் கேட்டீர்களா?’ என்று வினவத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு தெருவிலும் உருவாக்குவதே கல்வியின் பயன். நம் பிள்ளைகளுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆய்வாளராகலாம், சிலர் வழக்கறிஞராகி அரிய வழக்குகளை நடத்தலாம். அவர்கள் நாளை வெள்ளை அங்கி அணிந்து ஓர் ஏழையின் கட்டிலருகே நிற்கும்போது, குருதி எடுக்கும் முன் அவர் முகத்தைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லி, அவரைக் கேட்டு எடுப்பார்களாக.